முறத்தில் பெய்த மழை

பீரோவில் நகையைப் பூட்டி வைப்பார்கள், பத்திரத்தைப் பூட்டி வைப்பார்கள். போன வருஷம் அரைப் பரீட்சை முடிந்த கையோடு நான் பூட்டி வைத்தது என் மூத்த மகளின் கீபோர்டை! பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் அதைச் செங்குத்தாக நிறுத்தி, பழைய வேட்டியால் சுற்றி, சாவியை இடுப்பில் சொருகிக் கொண்டேன்.

என் மேல் கோபப்படாதீர்கள் சகோதரிகளே. ப்ளஸ் ஒன் படிக்கிற பெண், கணக்கில் நூற்றுக்கு 38 வாங்கி வந்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? சங்கரன்கோவிலில் நாலு விசைத்தறியை வைத்துக் கொண்டு குடும்பம் நடத்துகிறோம். நூல் விலை ஏறினால் எங்கள் வீட்டில் குழம்பு நீர்த்துப் போகும். பிள்ளைகள் படித்து ஒரு வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் எங்கள் கனவெல்லாம். இவளோ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் 'டொய்ங், டொய்ங்' என்று அதன் முன்னால் உட்கார்ந்து விடுவாள். அதுவும் பாட்டு வாசித்தாலாவது கேட்கலாம். கதவு கிறீச்சிடுவது போலவும், பேய் ஊளையிடுவது போலவும் சத்தங்கள்!

"பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்குட்டி இந்தக் கூத்து?" என்பார் என் மாமியார். மார்க் ஷீட்டைப் பார்த்த அன்று நானும் வாய்க்கு வந்தபடி பேசி விட்டேன். அவள் அழவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொல்லி விட்டு உள்ளே போனாள். அழுதிருந்தால் கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

ஒரு வாரம் கழிந்தது. வீட்டில் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முறம் இல்லை. காலி பால்பவுடர் டப்பா இல்லை. தேங்காய் துருவிய பின் அடுப்புக்குப் போட்டு வைத்த கொட்டாங்கச்சிகளும் இல்லை. ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் பின்கட்டில் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து போனேன். குத்துவிளக்கு மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள் என் மகள். கையில் முறம். அதில் ஒரு பிடி கம்பைப் போட்டு மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கிறாள். எதிரே துண்டை விரித்து அதன் மேல் செல்போன்.

"ஏட்டி..." என்று வாயெடுத்தேன்.

"எம்மா, பேசாத. மழை பெய்யுது" என்றாள்.

நான் அப்படியே நின்று விட்டேன். கண்ணை மூடிக் கேட்டால் மழையேதான்! ஓட்டு மேல் விழுகிற முதல் தூறல், அப்புறம் சடசடவென்று வலுக்கிற மழை. இருபது வருஷமாக அந்த முறத்தில் புடைக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு மழை இருந்தது எனக்குத் தெரியாது.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் புலியை முறத்தால் விரட்டிய தமிழ்ப் பெண்ணின் கதையை நாடகமாகப் போடுகிறார்கள். அதற்குப் பின்னணி இசை இவள் பொறுப்பு. கீபோர்டு பீரோவுக்குள் போய் விட்டதால் அடுக்களைக்குள் வந்து விட்டாள்!

புலி உறுமலுக்குத்தான் பால்பவுடர் டப்பா. இதை உங்கள் பிள்ளைகளுக்கும் செய்து கொடுக்கலாம், செலவே இல்லை. டப்பாவின் அடியில் நடுவாக ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். தடித்த பருத்தி நூலை அதில் கோத்து, உள்பக்கம் ஒரு தீக்குச்சியில் கட்டி விட்டால் நூல் வெளியே வராது. நூலில் கொஞ்சம் மெழுகு தடவி, இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து இழுத்தால் டப்பா 'கர்ர்...' என்று உறுமும். நம் கிராமத்து உறுமி மேளத்திலும் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழுகிற சத்தத்துக்கு இதுதான் சூட்சுமம். விரலோ குச்சியோ பிடித்துப் பிடித்து விடுவதால் தோலும் தகரமும் அதிர்கின்றன. ஓட்டை போட்ட தகரத்தின் ஓரம் கையைக் கிழிக்கும். அந்த வேலையைப் பெரியவர்கள் செய்து கொடுங்கள்.

டப்பா உறுமியது பூனைக்குட்டி அளவுக்குத்தான் இருந்தது. அதைப் போனில் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள் பாருங்கள், பூனை புலியாகி விட்டது! "வேகம் பாதியானா அதிர்வும் பாதியாகும்மா. அப்போ ஸ்வரம் சரியா ஒரு ஸ்தாயி கீழே இறங்கிரும்" என்றாள். கணக்கில் 38 வாங்கியவளா இவள் என்று நான் திகைத்தேன்.

மின்னணு இசை என்றால் ஸ்விட்சைப் போட்டால் மெஷின் தானாகப் பாடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். இங்கிலாந்தில் பி.பி.சி.யில் வேலை பார்த்த டெலியா டெர்பிஷயர் என்ற பெண் 1963ல் 'டாக்டர் ஹூ' என்ற டெலிவிஷன் தொடருக்கு முகப்பு இசையை உருவாக்கினார். மெட்டு ரான் கிரெய்னர் என்பவருடையது. ஆனால் அதை வாசிக்க வாத்தியக்காரர்கள் யாரும் இல்லை. கம்பியைச் சுண்டிய ஓசையையும், மின்கருவிகளில் எழுப்பிய ஓசையையும் டேப்பில் பதிந்து, ஒவ்வொரு ஸ்வரமாக வேகத்தைக் கூட்டிக் குறைத்து, டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி அந்த இசையைச் செய்தார். வேறொரு படைப்புக்குத் தகர விளக்கு மூடி ஒன்றைத் தட்டி அதன் நாதத்தை எடுத்துக் கொண்டார். நாம் கிழிசல் துணிகளை ஒட்டுப் போட்டு மெத்தை விரிப்பு தைக்கிறோமே, அதே பொறுமைதான்! அந்த முகப்பு இசைக்கு அந்த நாளில் திரையில் அவர் பெயரைப் போடவில்லை என்று மகள் சொன்னபோது எனக்கு மனசு என்னவோ செய்தது.

நம் நாட்டிலும் இது புதிதில்லை. 1969லேயே ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் மின்னணு இசைக் கூடம் ஒன்றை அமைத்தார். குமிழ்களும் வயர்களுமாக இருக்கும் 'மூக்' என்ற சிந்தசைசர் அங்கே இருந்தது. அதில் இசை செய்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி. பக்வாஜ் என்ற மிருதங்க வகை வாத்தியத்தைக் கற்றவர். பஞ்சாலை முதலாளி வீட்டுப் பெண். அந்த நாடாக்கள் பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்து, 2023ல்தான் இசைத் தொகுப்பாக வெளிவந்தன. மில் வீட்டுப் பெண் செய்ததைத் தறி வீட்டுப் பெண் செய்யக் கூடாதா என்று அன்றைக்கே என் மனசுக்குள் ஒரு கேள்வி விழுந்து விட்டது.

எனக்கு என் பெரியப்பா ஞாபகம் வந்தார். அம்மன் கொடைகளில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடித்தவர். நடுவில் நீளமான வில், அதில் கட்டிய மணிகள், வீசுகோலால் தட்டப் பாடுகிற அண்ணாவி. ஓரத்தில் குடத்தின் வாயைப் பத்தியால் அடித்துக் 'கும், கும்' என்று பெரியப்பா. புதுக் குடம் வாங்கக் குயவர் வீட்டுக்குப் போனால் அரை நாள் ஆக்குவார். சுண்டிப் பார்ப்பார், காதில் வைத்துப் பார்ப்பார், வைத்து விட்டு அடுத்ததை எடுப்பார்.

நாம் மட்டும் என்ன? தட்டிப் பார்க்காமல் மண்பானை வாங்குகிற பெண் உண்டா? 'ணங்' என்றால் நன்றாக வெந்த பானை, 'தொப்' என்றால் விரிசல். கச்சேரிக்கு வாசிக்கிற கடங்களுக்குப் பேர் போன மானாமதுரையில் மீனாட்சி அம்மாள் என்பவர் அந்தத் தொழிலுக்காகவே சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றிருக்கிறார். உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான தட்டுத் தட்டித்தான் கடத்துக்கு நாதம் ஏற்றுகிறார்கள். தட்டுவது கை என்றாலும் போதும் என்று சொல்வது காது. மகள் போனில் செய்வதும் அதேதான் என்று எனக்குப் பட்டது. கருவி எதுவானால் என்ன, முதலில் காது வேண்டும். அந்தக் காது இவளுக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. நான் பூட்டி வைத்தது வெறும் கீபோர்டை அல்ல.

சினிமாவையும் அதற்கப்புறம் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். நீங்களும் சோதித்துப் பாருங்கள். திகில் காட்சி வரும்போது டி.வி.யின் சத்தத்தை அணைத்து விடுங்கள். பயமே வராது, சிரிப்புத்தான் வரும்! 1954ல் வந்த வீணை எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. 1986ல் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கம்ப்யூட்டர் துணையோடு இசையமைத்தார். அந்தப் பாட்டுகள் எங்கள் தெரு டீக்கடையில் ஓயாமல் ஒலித்தபோது நான் சின்னப் பிள்ளை. 1992ல் 'ரோஜா' கேஸட் வந்தது. அன்றைக்கெல்லாம் பாட்டை மட்டுமே கேட்டேன். பாட்டுக்கு நடுவே காற்றும் தண்ணீரும் மாதிரி ஏதோ ஓடிக் கொண்டிருப்பதை இப்போதுதான் கேட்கிறேன்.

ஆண்டு விழா வந்தது. என் வீட்டுக்காரர் வர மாட்டேன் என்றவர், கடைசி நேரத்தில் சட்டையை மாட்டிக் கொண்டு வந்தார். நாடகம் ஆரம்பித்தது. மழை பெய்தது, புலி உறுமியது. அந்தப் பெண் முறத்தை ஓங்கியபோது அடியில் ஒரு தாளம் புறப்பட்டது. 'தடக் தடக், தடக் தடக்' என்று மெதுவாக ஆரம்பித்து நெஞ்சுக்குள் அடிக்கிற மாதிரி வளர்ந்தது. இவர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏளா, இது நம்ம மூணாம் தறிலா!" என்றார்.

"எப்படிச் சொல்லுதீங்க?"

"நாடா வலப்பக்கம் வந்து அடிக்கையில ஒரு பிசிறு தட்டும். மூணாம் தறி மட்டுந்தான் அப்படி அடிக்கும்."

தறிச் சத்தத்தில் ஒரு சுற்றை மட்டும் வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்கிறாள் கள்ளி! ஜனங்கள் கை தட்டினார்கள். இவர் தட்டவில்லை. குனிந்து கண்ணைத் துடைத்துக் கொண்டார். இருபத்தைந்து வருஷமாக அவருடைய தூக்கத்தையும் காதையும் தின்ற சத்தம் அது. அதைப் போய் ஒருத்தி தாளம் என்று எடுத்திருக்கிறாளே!

காது என்று சொன்னதும் ஒன்று சொல்ல வேண்டும். இவருக்கு இரண்டு வருஷமாகக் குக்கர் விசில் கேட்பதில்லை. தினம் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் இருந்தால் காது கெடும். தறிக்கூடத்தில் சத்தம் 90ஐச் சாதாரணமாகத் தாண்டும். உட்காதில் இருக்கும் நுண்ணிய செல்கள் ஒரு முறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. இப்போது காதடைப்பான் இல்லாமல் அவரைத் தறிக்கூடத்துக்குள் விடுவதில்லை. மகளுக்கும் சட்டம் உண்டு. இயர்போனில் பாதி சத்தத்துக்கு மேல் வைக்கக் கூடாது, மணிக்கொரு தரம் கழற்றி வைக்க வேண்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. காதுதான் இவள் முதலீடு. அதை இழந்து விட்டு என்ன இசை?

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். வேட்டியை அவிழ்த்துக் கீபோர்டை அவள் கையில் கொடுத்து, "அம்மா பேசினதை மனசுல வச்சுக்காத தாயி" என்றேன். அன்றைக்கு அழாதவள் இப்போது அழுதாள். "கணக்கையும் விடக் கூடாது" என்று ஒரு நிபந்தனையும் போட்டேன். நான் லேசுப்பட்டவளா? முழுப் பரீட்சையில் 61 வாங்கினாள்.

இப்போது ப்ளஸ் டூ. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் உள்ள அரசு திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு மனுப் போட வேண்டும் என்கிறாள். சினிமாத் துறை, அவ்வளவு தூரம், பெண் பிள்ளை என்று மாமியார் இன்னமும் முணுமுணுக்கிறார். ரேவதி இயக்கி 2002ல் வந்த 'மித்ர், மை ஃபிரண்ட்' படத்தில் தொழில்நுட்ப வேலைகளைப் பெண்களே செய்தார்கள் என்றும், 2024 ஜனவரியில் மறைந்த பவதாரிணிதான் அதற்கு இசை என்றும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அது இளையராஜா மக. நீ யார் மக?" என்று ஒரே போடாகப் போட்டு விட்டார்!

பயம் எனக்கும் இல்லாமல் இல்லை. இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, கிடைத்தால் பணத்துக்கு என்ன செய்வோமோ? எங்கள் ஊர்ச் சாமியோ பாதி உடம்பு சிவன், பாதி உடம்பு விஷ்ணு. எது பெரிது என்று சண்டை போட்டவர்களுக்கு இரண்டும் ஒன்று என்று காட்டத்தான் கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவமிருந்தாள் என்பார்கள். ஆடித் தபசு அன்று கூட்டத்தில் நின்று அவளைத்தான் வேண்டிக் கொண்டேன்: "இவளுக்கு முறமும் வேணும், மெஷினும் வேணும். நீ பாத்துக்கோ தாயே."

புது முறம் ஒன்று வாங்கி விட்டேன். பழையது மகளுடைய வாத்தியம். அதில் இனி யாரும் புடைக்கக் கூடாதாம். உங்கள் வீட்டுப் பீரோவிலும் பிள்ளையின் ஆசை ஏதாவது பூட்டிக் கிடக்கிறதா? இன்றைக்கு ஒரு தரம் திறந்துதான் பாருங்களேன்.