குசினிக்கு என்ன நிறம் அடிப்பம்?

கூரை போட்டாச்சு, பூச்சும் முடிஞ்சுது. மேசன் அண்ணை வாளித் தண்ணியில் கையைக் கழுவிக்கொண்டே, "நிறத்தைச் சொன்னீங்கள் எண்டால் பெயின்ற் அடிக்கிற பெடியளைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். சும்மா கேட்ட கேள்விதான். விடை சொல்ல எங்களுக்கு ஏழு கிழமை எடுத்தது.

அதில் நாலு கிழமை எப்படியும் காத்திருக்க வேண்டியதுதான். புதுச் சீமெந்துப் பூச்சைக் காய்ந்து இறுக 28 நாள் அளவில் விடவேணும். அவசரப்பட்டு அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியில் வரும்போது சுவரில் உப்புப் பூக்கும், பெயின்ற் செதில் செதிலாகக் கழரும். மிச்ச மூன்று கிழமையும் நாங்கள் சண்டை பிடித்ததில் போனது.

நாங்கள் எண்டால் அக்காவும் தங்கச்சியும். ஒருத்திக்கு யாழ்ப்பாண ரவுணில் வேலை, மற்றவள் கம்பஸ். காணி வலிகாமம் வடக்கில், அம்மாவின் சீதனக் காணி. காசு லண்டனில் இருக்கிற அண்ணாவின் காசு. சமைக்கப்போவது அம்மா. பிரச்சினை முழுக்க இந்த நாலு வசனத்துக்குள்ளேயே இருந்தது என்று இப்ப விளங்குது. அப்ப விளங்கேல்லை.

முதல் படம் அண்ணாவிடமிருந்துதான் வந்தது. குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் ஒரே இரவில் பதினாலு படம். வெள்ளைச் சுவர், சாம்பல் பான்ரி கபட், வெள்ளையும் சாம்பலும் ஓடின கல்லு. எல்லாப் படத்திலும் ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் ஒரு பச்சைக் கொப்பு. "நியூட்ரல் கலர்தான் எப்பவும் நல்லது. கண்ணை உறுத்தாது, பழசாகாது, நாளைக்கு வித்தாலும் விலை போகும்" என்று கீழே குரல் பதிவு.

நாங்கள் பதிலுக்கு மயில்நீலம், கடுகு மஞ்சள், இலைப் பச்சை என்று அனுப்பினோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் பெரிய கொள்கை ஒன்றும் இருக்கவில்லை. அண்ணா சாம்பல் என்றபடியால் நாங்கள் நிறம் என்றோம்.

அண்ணா படித்துவிட்டுத்தான் வாதாடுவார். 1970களில் அமெரிக்கக் குசினிகளில் பிரிட்ஜ், அடுப்பு எல்லாம் அவகாடோப் பச்சையில் வாங்கின சனம், பிறகு அதைப் பார்த்துத் தாங்களே சிரித்தது என்று சொன்னார். நாங்களும் தேடினோம். 1926 இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத் தொடர்மாடி வீடுகளுக்கு ஒரு குசினி வடிவமைத்தார். சுமார் 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இண்டைக்கு உலகம் முழுக்கச் செய்கிற பொருத்துக் குசினிகளுக்கு அது ஒரு முன்னோடி. அதன் அலுமாரிகளுக்கு அவர்கள் அடித்தது நீலப்பச்சை. நீலத்தில் ஈ இருக்காது என்று அந்த நேரம் நம்பினார்கள்.

"பாத்தீங்களோ அண்ணா, முன்னோடிக் குசினியே நீலம்" என்று நாங்கள் துள்ளினோம். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "குசினியைத் துடைச்சு வச்சிருந்தால் ஈ வராது பிள்ளை. அதுக்கேன் நீலம்?" என்றார்.

அதே கட்டடக்கலைஞர், அந்தக் குசினியை வரைய முதல் தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதை வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் சுட்டது. நாங்களும் சமைப்பதில்லை. கறி ஒன்று வைக்கத் தெரியும், அவ்வளவுதான். அண்ணாவும் அந்தக் குசினியில் சமைக்கப்போவதில்லை. மூன்று பேரும் மூன்று கிழமையாகச் சண்டை பிடிக்கிறோம், சமைக்கிற ஆளை ஒருத்தரும் கேட்கவில்லை.

அண்டைக்கு இரவு கேட்டோம். "அம்மா, உங்களுக்கு என்ன நிறம் விருப்பம்?"

"ஏதோ நீங்கள் பாத்துச் செய்யுங்கோ."

அடுத்த நாளும் அதே பதில். அதற்கடுத்த நாள் கொஞ்சம் கோபமாகவே வந்தது. "எனக்கு உதுகள் தெரியாதெண்டு சொல்லுறனெல்லே."

1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது அம்மாவுக்கு வயது இருபத்திரண்டு. கலியாணம் முடிந்து இரண்டு வருசம். இந்தக் காணியில் அம்மம்மா சமைத்த குசினி வீட்டோடு ஒட்டாமல் தனியாக இருந்ததாம். சாணி மெழுகின நிலம், ஓலைக்கூரை. "அதுக்கு என்ன நிறம் அம்மா?" என்று கேட்டதற்கு, "குசினிக்கு என்ன நிறம்? கரிதான்" என்றார்.

அதற்குப் பிறகு அம்மா சமைத்த இடங்களை நாங்கள் ஒரு கொப்பித்தாளில் எழுதிப் பார்த்தோம். சுன்னாகத்தில் சொந்தக்காரர் வீட்டு விறாந்தை. 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வளவு, மூன்று கல்லு. பிறகு மானிப்பாய், கோண்டாவில், திரும்பவும் மானிப்பாய் என்று வாடகை வீடுகள். மொத்தம் ஒன்பது. நாங்கள் இருவரும் வளர்ந்தது அதில் கடைசி நாலில். அந்த நாலு குசினிகளையும் நினைத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் நிறம் ஞாபகத்துக்கு வருகிறதில்லை. வெள்ளை, அல்லது எப்பவோ வெள்ளையாக இருந்த ஒன்று.

ஆனால் சுவர் ஞாபகம் இருக்கிறது. ஒரு வீட்டில் கலண்டர் கொழுவ ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா சோற்றுப்பசையால் கலண்டரை ஒட்டுவார். வெயில் காலத்தில் அது பின்னேரமளவில் கழன்று விழும். இன்னொரு வீட்டில் விறகடுப்புப் புகையால் சுவர் கறுக்கிறதென்று வீட்டுக்காரர் மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுப் போவார். அந்த வீட்டை விட்டு எழும்பேக்கை இரண்டு நாள் கரி சுரண்டி, சுண்ணாம்புக்குள் நீலம் கலந்து நாங்களே வெள்ளையடித்துக் கொடுத்த பிறகுதான் முற்பணம் கைக்கு வந்தது. நாங்கள் விட்டுப்போகிற குசினி நாங்கள் இருந்ததே இல்லாத மாதிரி இருக்கவேணும். அதுதான் ஒப்பந்தம்.

முப்பது வருசத்துக்கு மேல் மற்றவர் சுவருக்குப் பயந்து சமைத்த மனுசியிடம் போய், "என்ன நிறம் விருப்பம்" என்று ஒரு இரவில் கேட்டால் என்ன சொல்லுவார்?

இதை அண்ணாவிடம் சொன்னோம். சண்டைக்காக இல்லை, சும்மா சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் போனைத் திருப்பித் தன்ரை அறையைக் காட்டினார். நாலு சுவரும் மங்கின கிறீம் நிறம். அங்கே அதை மக்னோலியா என்று சொல்லுவார்களாம். வாடகை வீடுகளில் கன இடத்தில் அந்த ஒரே நிறம்தான். யார் போய் யார் வந்தாலும் ஒத்துப்போகும், அதுதான் வசதி. "நான் இஞ்ச வந்து பதினொரு வருசம். எல்லா அறையும் இந்த நிறம்தான். எனக்கு வேற நிறத்தோட இருந்து பழக்கமில்லை" என்றார்.

அண்டைக்குத்தான் இந்த 'நியூட்ரல்' என்ற சொல்லை நாங்கள் சரியாகப் பார்த்தோம். அடுத்து வரப்போகிற ஆளுக்கும் பிடிக்கவேணும் என்று அடிக்கிற நிறம் அது. விற்கிறவருக்கு, வாடகைக்கு விடுகிறவருக்கு, எப்பவும் எழும்பிப் போகத் தயாராக இருக்கிறவருக்கு அது சரியான நிறம். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் காணிக்கு அடுத்து வரப்போகிற ஆள் யார்? இது மீளக் கிடைக்கிறதுக்கு எத்தனை வருசம் காத்திருந்தோம். இதை விற்கிற யோசனை அண்ணாவுக்கும் உண்மையில் இல்லை. பழக்கத்தில் வந்த வசனம் அது.

அதற்காக உடனே நாலு சுவருக்கும் மயில்நீலம் அடிக்கவில்லை. குசினி பத்துக்குப் பன்னிரண்டு அடி. அக்கினி மூலை என்று தென்கிழக்கில் வைத்தபடியால் கிழக்கு யன்னலால் காலையில்தான் வெளிச்சம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் எண்பது வீதத்துக்கு மேல் திருப்பித் தரும். கடும் நீலம், கடும் பச்சை பத்து வீதம் தந்தாலே பெரிய காரியம். பெயின்ற் கடையிலும் ஒன்று விளங்கினது: கடும் நிறத்துக்கு லீற்றர் விலை கூட, பூச்சும் ஒன்று கூட அடிக்கவேணும். நிறத்துக்கு ஆசைப்பட்டால் காசும் எண்ணவேணும்.

கடைக்காரர் தந்த நிற அட்டையை நம்பித் தெரிவு செய்யவும் கூடாது. அந்தச் சின்னச் சதுரத்தில் அழகாகத் தெரிகிறது சுவரில் வேறாகத் தெரியும். நாங்கள் ரீவி வந்த பெட்டியைக் கிழித்து, இரண்டடி மட்டைகளில் சின்னப் பேணி பெயின்ற் வாங்கி அடித்துக் குசினியில் சாத்திவைத்தோம். காலையில், மத்தியானம், இரவு பல்ப் வெளிச்சத்தில் என்று பார்த்தோம். எங்கட வீடுகளில் போடுகிற வெள்ளை பல்ப்புக்குக் கீழே அண்ணாவின் சாம்பல் நீலம் பாரிச்சு, ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. மஞ்சள் வெளிச்ச பல்ப் மாட்டினால் அதே சாம்பல் பரவாயில்லை. எங்கட கடுகு மஞ்சளோ இரண்டு பல்ப்பிலும் தாங்கேலாது. அதை நாங்களே எடுத்து வெளியில் போட்டோம்.

மட்டைகள் நிற்கத் தொடங்கினபிறகு அம்மா மெதுமெதுவாகப் பேசத் தொடங்கினார். நிறத்தைப் பற்றி இல்லை, வேலையைப் பற்றி. அடுப்புக்குப் பக்கத்து மேடைக்கு எல்லாரும் போடுகிற மாதிரி கறுப்புக் கிரனைற் போட இருந்தோம். "கறுப்பு வேண்டாம். எறும்பு ஊருறது தெரியாது. கடுகு கொட்டினாலும் தெரியாது" என்றார். அடுப்புக்குப் பின் சுவருக்கு வெள்ளை ரைல்ஸ் போதுமா என்றதற்கு, "மஞ்சள் தெறிச்சால் போகாது. ரைல்ஸ் துடைக்கலாம், இடையில இருக்கிற கோட்டை என்ன செய்யிறது?" என்று கேட்டார். அதனால் ரைல்ஸுக்கு இடையில் விடுகிற சாந்தைச் சாம்பல் நிறத்தில் விட்டோம். அண்ணாவின் சாம்பல் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. எந்தப் படத்திலும் எறும்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. அம்மாவின் குசினியில் இரண்டும் ஒவ்வொரு நாளும் இருக்கும்.

ஆறாவது கிழமை அம்மாவுக்கு வலக்கண்ணில் கற்றரக்ற் ஒப்பரேசன். முதலே திகதி குறித்தது, இதோடு சம்பந்தமில்லை. வீட்டுக்கு வந்து கண்கட்டு அவிழ்த்த அடுத்த நாள் காலையில் குசினி வாசலில் நின்றுகொண்டு ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கிறார், மற்றக் கண்ணைப் பொத்திப் பார்க்கிறார். "இந்த நீலம் முதல் இப்பிடியே இருந்தது? நீங்கள் மாத்தினனீங்களோ?"

நாங்கள் மாற்றவில்லை. வயது போகப் போகக் கண்வில்லை மஞ்சள் பிடித்து, நீலத்தைத்தான் கூட மறைக்கும். அதை எடுத்துத் தெளிந்த வில்லை வைத்தால் நீலம் திரும்பி வரும். ஓவியர் குளோட் மோனேக்கும் 1923 இல் இதே ஒப்பரேசன் செய்தபிறகு எல்லாம் அளவுக்கு மிஞ்சி நீலமாகத் தெரிவதாக முறைப்பட்டாராம். அவருடைய வீட்டில் சாப்பாட்டறை முழுக்க மஞ்சள், பக்கத்துக் குசினியில் நீல ரைல்ஸ். இதையும் அண்ணாதான் தேடி அனுப்பினார், இந்தமுறை எங்கட பக்கம் நின்று.

இடக்கண்ணால் பார்த்தால் மங்கல், வலக்கண்ணால் பார்த்தால் நீலம். அண்டைக்கு முழுக்க அம்மா இதையே செய்துகொண்டிருந்தார். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்கை, ஒருத்தரும் கேட்காமலே சொன்னார்: "சுவர் வெள்ளையாவே இருக்கட்டும், எனக்கு வெளிச்சம் வேணும். கீழ் அலுமாரியளுக்கு அந்த நீலத்தை அடிப்பம்."

"அடிப்பம்" என்று அம்மா சொன்னதை நாங்கள் இருவரும் கவனித்தோம். "ஏதோ பாத்துச் செய்யுங்கோ" இல்லை.

இப்ப குசினி இப்படி இருக்கிறது. கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளைச் சுவர், கழுவக்கூடிய பெயின்ற். வெளிர் நிற மேடை. கீழே மயில்நீல அலுமாரிகள். நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து. வந்து பார்த்த மாமி ஒருத்தர், "அலுமாரி கொஞ்சம் கூடிப்போச்சு என்ன?" என்றார். இருக்கலாம். பத்து வருசத்தில் எங்களுக்கே அலுக்கலாம். அலுத்தால் கதவுகளைத் தேய்த்து வேறு நிறம் அடிக்கலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

பால் காய்ச்சின நாள் அண்ணா வீடியோவில் நின்றார். பால் பொங்கி வழிந்து நீலக் கதவில் கோடு விட்டது. நாங்கள் துணி எடுக்க ஓடினோம். அம்மா ஓடவில்லை. கையில் புதுக் கலண்டரும் ஒரு ஆணியும் வைத்திருந்தார். யன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், மேசன் அண்ணை "ஐயோ அக்கா, புதுப் பூச்சு" என்று கத்தக் கத்த, நாலு அடியில் ஆணியை இறக்கினார். சுற்றிவர ஒரு ரூபாக் குற்றியளவு பெயின்ற் உதிர்ந்தது. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.