பம்பு எண்ணெய் வாசம்

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்து வளாகத்திற்குத் தங்கை மகளோடு போயிருந்தேன், அவள் கையில் ஐஸ் பெட்டிக்குள் புரத மாதிரிகள், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்த அறைக் கதவு திறந்ததும் வெற்றிடப் பம்பிலிருந்து சூடான எண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது, அந்தக் கணமே நான் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தாத்தாவின் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில் நின்றேன்.

தாத்தா, சுரங்கத்துக்குள் ஆட்கள் போய்வரும் கூண்டை, அதாவது கேஜை, இறக்கி ஏற்றும் வைண்டிங் இஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவர், ஷிப்ட் முடிந்து தொழிலாளர் லைன் வீட்டுக்கு வந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் கையைத் துடைத்து, அப்புறம் சோப்பு, அப்புறமும் விரலை மோந்து பார்ப்பார், எண்ணெய் கருகியிருந்தால் பேரிங்கில் கோளாறு என்பது அவர் கணக்கு. இஞ்சின் சத்தத்தில் பழகிய தொண்டை, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். சாயங்கால வெயில், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டில் பட்டு மஞ்சளாய்த் திரும்பி வந்து திண்ணையில் விழும், அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, தங்கம் தேடாமலே சுரங்கத்துக்குள் இறங்கிய ஆட்களைப் பற்றிச் சொல்வார். "படிச்சவங்கடா, பாறைக்குள்ள ஒண்ணும் எடுக்காம, சும்மா பாத்துக்கினு இருப்பாங்க!"

அவர்கள் பார்த்தது நியூட்ரினோவை. மேலே விழும் அண்டக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும், எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும், அதற்காகத்தான் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், உடம்பு வேகும் வெக்கையில், பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கருவிகளை நிறுத்தின. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை 1965இல் அங்கே பிடித்தார்கள், அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவிலும் ஒரு தங்கச் சுரங்கத்தில்தான் பிடித்தார்கள். என்னைக் கேட்டால், அங்கே மூன்று நாட்டுக்காரர்களும் பகிர்ந்துகொண்ட பெரிய கருவி எங்கள் சுரங்கமேதான், அதை நடத்தியவர்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள்.

அதே டாட்டா நிலையத்தில் 1962இல் ஒபைத் சித்திக்கி மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார், அதிலிருந்து கிளைத்ததே பெங்களூர் மையம், அந்த வளாகத்தில் 2009இல் வந்த சி-கேம்ப் அமைப்பின் கருவிகளை வெளி ஆய்வாளர்களும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம். தனி ஆய்வகம் வாங்க முடியாத விலை என்பதால் நல்ல ஏற்பாடுதான், ஆனால் இந்தக் காலத்தில் பொதுக் கருவி என்றால் கணினியில் நேரம் பதிவு, மாதிரியைக் கொடுப்பது, மின்னஞ்சலில் முடிவு, அவ்வளவே, அடுத்த நேரத்துக்காரர் யாரென்றுகூடத் தெரிவதில்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது, இப்போது எங்கள் பிள்ளைகள் விடியுமுன்னே மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், பெட்டியில் தைலமும் இட்லியும் மணக்கும், பேச்சு குறைவு, எல்லார் கையிலும் போன்.

அன்று அந்த அறையில் ஓர் இளைஞர் பம்பின் சத்தத்தைக் கவனித்து, கண்ணாடிச் சாளரத்தில் எண்ணெயின் நிறம் பார்த்து, "இன்னிக்கு மாத்தணும்" என்றார். "அவர் பேரென்ன?" என்றேன். "தெரியலையே மாமா" என்றாள். கட்டுரைகளின் முடிவில் பெரும்பாலும் கருவி மையத்துக்கு நன்றி என்று ஒரு வரி எழுதுகிறீர்கள், பிள்ளைகளே, அந்த வரியில் கருவியை ஓட்டியவரின் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.