மரச்சீனி விருந்து

தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டு திரும்பிக் கொண்டிருந்தோம். அரண்மனையின் மரவேலையைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவர்களோடு போட்டியிட எங்களுக்கு எண்ணமில்லை. வழியில் பிடித்துக்கொண்ட பெருமழைக்கு அஞ்சி நாங்கள் ஒதுங்கிய ஓட்டு வீட்டைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

நடுப்பகல் வேளை. உள்ளிருந்து கிழங்கு வேகும் மணம் வந்தது. "கொஞ்சம் பொறுங்கள், சோறு வடித்துவிடுகிறேன்" என்றாள் வீட்டுக்கார அம்மாள். அடுப்பில் இருப்பதே போதும் என்றோம். "அது எங்களுக்கு வைத்தது, விருந்தாளிக்கு அதை எப்படிக் கொடுப்பது?" என்று அவள் தயங்கினாள். திண்ணையிலிருந்த தொண்ணூறு வயதுப் பாட்டி மட்டும் பொக்கை வாயால் சிரித்தாள்.

மரவள்ளிக் கிழங்கைத்தான் இந்தப் பக்கத்தில் மரச்சீனி என்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துகீசியரோடு கப்பலேறி வந்த பண்டம் இது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசிக்கு உதவும் என்று இதன் சாகுபடியை ஊக்கினார். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அரிசிக் கப்பல்கள் நின்றன. அப்போது சமஸ்தானத்தில் எத்தனையோ குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்குதான்.

"அரிசியைக் கண்ணால் காணாத நாள் உண்டு மக்களே," என்றாள் பாட்டி. "காலையிலும் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், சோறு தின்றேன் என்று பொய் சொல்லுவேன்."

சமையலறை வாசலில் நின்று கவனித்தோம். மேல்தோலையும் அதன் அடியிலுள்ள தடித்த பட்டையையும் சேர்த்தே உரித்தெடுத்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்திருந்தாள். பானைக்கு மூடி கிடையாது. வெந்ததும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, அதன் பிறகே உப்பிட்டாள். இது வெறும் வழக்கமன்று. இக்கிழங்கில், கசப்பு வகையில் மிகுதியாகவே, பிரஸ்ஸிக் அமிலமாக மாறும் சத்து உண்டு. பட்டையில் அது அதிகம். எஞ்சியதில் ஒரு பங்கு நீரோடும் ஆவியோடும் போய்விடுகிறது. ரசாயனம் படியாமலே மூடியை எடுத்துவைத்த அந்த முதல் கிழவி யாரோ!

தேங்காய், சீரகம், பூண்டு, மஞ்சள், இரண்டு காந்தாரி மிளகாய். இவற்றை ஒன்றிரண்டாக அரைத்துக் கிழங்கில் கொட்டி, நடுநரம்பை நீக்கி, அகப்பையால் மசித்தாள். அவ்வளவுதான். தாளிப்புக்கூட இல்லை. பக்கத்துச் சட்டியில் புளிவிட்ட சாளை மீன் குழம்பு. கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவே. புரதம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். ஆகையால் மலிவான மீனாகிய சாளை அதற்குத் தக்க துணை. அந்தப் புரதம் மிச்ச நஞ்சை உடல் கழிப்பதற்கும் உதவுகிறது. எங்களில் சைவரான நண்பர் ஒருவருக்குக் காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்ட சம்மந்தி கிடைத்தது. கண்ணில் நீர் வடிய அவர்தான் எல்லோரிலும் அதிகமாகச் சாப்பிட்டார்.

இலையை எடுக்கும்போது மழை விட்டிருந்தது. வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டு அம்மாள் தலை நீட்டி, "வந்தவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று விசாரித்தாள். மருமகள் வாய் திறக்குமுன் பாட்டி தெருவுக்கே கேட்கும்படி உரத்துச் சொன்னாள்:

"கிழங்கு!"