மாத்தாதே, கட்டு!

முதல்லயே சொல்லிடறேன், இது பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவு. மத்தவங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க :-)

பப்பெட்னு ஒரு சமாச்சாரம். 2005-ல லூக் கேனீஸ் ஆரம்பிச்சது. நூறு சர்வர்லயும் போய் ஒவ்வொண்ணா கை வைக்காம, 'இது இப்படி இருக்கணும்'னு ஒரு தடவை எழுதி வெச்சா, மிச்சத்தை அது பாத்துக்கும். இதுல ஒரு வேரியபிளுக்கு ஒருமுறை மதிப்பு கொடுத்தா, அதே ஸ்கோப்புக்குள்ள திரும்ப மாத்த முடியாது. கீயும் வேல்யூவும் ஜோடி ஜோடியா இருக்கற ஹேஷுக்கும் இதே கதிதான். பழைய பதிப்புகள்ல புதுசா ஒரு கீ சொருக விட்டாங்க. 2015-ல வந்த பப்பெட் 4 அந்தக் கதவையும் சாத்திடுச்சு.

எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ரெண்டு நாளா இதோட மல்லுக்கட்டினான். டேட்டாபேஸ் செட்டிங்ஸ் ஒரு ஹேஷ்ல இருக்கு. ப்ரொடக்‌ஷன் சர்வருக்கு மட்டும் டி.எல்.எஸ். விவரம் கூடுதலா வேணும். பைதான்ல பழகின கை. இஃப் போட்டு உள்ள ஒரு கீ சேர்க்கப் பாக்கறான், பப்பெட் முறைக்குது. "என்னண்ணா, இதெல்லாம் ஒரு மொழியா?"ன்னான்.

வழி எளிசுதான். பொதுவானது ஒரு ஹேஷ். நிபந்தனைக்குட்பட்டது இன்னொண்ணு. பப்பெட் 4-லேர்ந்து இஃப்பே ஒரு மதிப்பைத் திருப்பித் தரும். ப்ரொடக்‌ஷன்னா டி.எல்.எஸ். ஹேஷ், எல்ஸ்ல காலி ஹேஷ். எல்ஸை விட்டுட்டா அன்டெஃப் வந்து எர்ரர் அடிக்கும், ஜாக்கிரதை. கடைசியா ரெண்டுக்கும் நடுவுல ஒரு + குறி. புதுசா மூணாவது ஹேஷ் பிறக்கும், பழசு ரெண்டும் அப்படியே இருக்கும்.

ஒரே கீ ரெண்டுலயும் இருந்தா வலது பக்கம் ஜெயிக்கும். இங்கதான் ஒரு பள்ளம். + மேலோட்டமாத்தான் சேர்க்கும். 'லாக்' கீழ உள்-ஹேஷா லெவலும் ஃபைல் பாதையும் இருக்குன்னு வைங்க. ப்ரொடக்‌ஷனுக்கு லெவல் மட்டும் எழுதினா, பாதை காணாமப் போயிடும். பப்பெட் ஒரு வார்த்தை சொல்லாது. ஆழமா சேர்க்க ஸ்டாண்டர்ட் லைப்ரரி மாட்யூல்ல டீப் மெர்ஜ் இருக்கு.

எதுக்கு இவ்ளோ பிடிவாதம்? ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடுச்சுன்னு போன் வரும். அரைத்தூக்கத்துல, எந்தக் கோப்புல எவன் அந்த ஹேஷை மாத்தினான்னு துப்பறிய முடியுமா? மாத்தவே முடியாதுன்னா, அது பிறந்த வரிக்குப் போனா போதும்.

அடுத்த வாரம் தம்பிக்கு முதல் நைட் ஆன்கால். அதனாலதான் 'எப்படி'யைவிட 'எதுக்கு'ன்னு சொல்ல அதிக நேரம் எடுத்துக்கிட்டேன்.

அப்ப வரட்டா?