மதிப்பெண்ணைக் கணக்குப் போடுங்கள்

செமஸ்டர் நெருங்கும்போது மாணவர்கள் எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறைக்க நோட்டில் நாலு வரிக் கணக்கு போதும் என்பது என் உறுதியான எண்ணம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பாடங்களுக்கு இன்டர்னல் 40, இறுதித் தேர்வு 60. மொத்தம் 75 வாங்க நினைப்பவர் இன்டர்னலில் 32 வைத்திருந்தால் மீதி 43 போதும். அதாவது 100க்கு எழுதும் தேர்வில் சுமார் 72. இன்டர்னல் 24 என்றால் அதே 75க்கு 85 எடுக்க வேண்டும். கடைசி வாரக் கண்விழிப்பை விட ஆகஸ்டில் ஒழுங்காகக் கொடுத்த அசைன்மென்ட் எவ்வளவு பெரியது, பாருங்கள்! கிரெடிட்டையும் கவனியுங்கள். 20 கிரெடிட் செமஸ்டரில் 4 கிரெடிட் பாடத்தில் ஒரு கிரேடு ஏறினால் ஜிபிஏ 0.2 கூடும்; ஒன்றரை கிரெடிட் லேபில் 0.075தான்.

இது மார்க்குக்காகப் படிப்பதாகாதா என்று கேட்பார்கள். கணக்கு எதையும் கற்றுத்தராது, உண்மைதான். ஆனால் எந்த யூனிட் புரியவில்லை என்று உட்கார்ந்து பார்க்க வைப்பது அதுதான். இன்டர்னல் ஆசிரியர் கையில்தானே என்பது இன்னும் நியாயமான கேள்வி. அதனால்தான் திருத்திய தாளை வாங்கிப் பார்த்து, எங்கே குறைந்தது என்று மரியாதையாக அவரிடமே கேட்கச் சொல்கிறேன். அப்படிக் கேட்பது மாணவரின் உரிமை. அதையும் முதல் இன்டர்னல் முடிந்த வாரமே கேட்டுவிடுங்கள், அடுத்ததைச் சரிசெய்ய அப்போதுதான் நேரம் இருக்கும்.