தண்ணீர் நிரப்பும் திருநாள்

தமிழர்களுக்குத் தீபாவளி விடியற்காலையில் தொடங்குகிறது. கன்னடர்களுக்கு முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடும். அந்த மாலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நீரு தும்புவ ஹப்ப’. அதாவது தண்ணீர் நிரப்பும் பண்டிகை. பட்டாசுக்கோ பலகாரத்துக்கோ ஜவுளிக்கோ அந்தப் பெயரில் இடமில்லை.

பசவனகுடி, மல்லேஸ்வரம் போன்ற பழைய பேட்டைகளில் குளிப்பதற்கென்று ‘பச்சலு மனெ’ என்ற தனி அறை இருந்தது. அதில் அடுப்போடு சேர்த்துப் பதித்த பெரிய செப்பு ஹண்டேதான் அன்றைய கதாநாயகன். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கழுத்தில் சுண்ணாம்பும் செம்மண்ணும் பட்டையாக இட்டுக் காட்டுக் கொடியைச் சுற்றுவார்கள். பிறகு கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் இறைத்து நிரப்பி, மஞ்சள் குங்குமம் வைத்து, கங்கையே வந்துவிட்டதாகக் கும்பிடுவார்கள். மழைக்காலத்தின் கடைசியில் கிணறு நிறைந்திருக்கும்போது பாத்திரத்தைச் சுத்தம் செய்து, அடுப்பைச் சரி பார்ப்பது நல்ல பராமரிப்பு வேலை. அதற்குப் பண்டிகை என்று பெயர் வைத்தால்தான் தவறாமல் நடக்கும் என்று யாரோ தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

தமிழ் வீடுகளிலும் வெந்நீர் அண்டாவுக்கு அன்றைக்கு மரியாதை உண்டு. நல்லெண்ணெயில் லட்சுமி, வெந்நீரில் கங்கை என்பது ஐதீகம். குளித்தவரைப் பார்த்து “கங்கா ஸ்நானம் ஆயிற்றா?” என்று கேட்பதுதான் அன்றைய நலம் விசாரிப்பு.

பண்டிகையைக் குளியலில் தொடங்குவது நம்முடைய ஏகபோகமல்ல. பின்லாந்தில் டிசம்பர் 24 பகல் 12 மணிக்குத் துர்க்கு நகரில் கிறிஸ்துமஸ் அமைதிப் பிரகடனம் வாசிக்கப்படும். அதற்குப் பிறகு குடும்பம் குடும்பமாக சவுனாவுக்குள் நுழைவார்கள். காய்ந்த கற்கள்மேல் தண்ணீர் தெளித்து, எழும் ஆவியில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் விருந்து. 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் சுமார் 33 லட்சம் சவுனாக்கள்! 2020இல் யுனெஸ்கோ இந்த வழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் காலத்தில் பிரசவமும் அங்கேதான் நடந்தது. இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். கிறிஸ்துமஸ் மாலையில் வீட்டார் குளித்து முடித்த பிறகு, கடைசிச் சூட்டை வீட்டைக் காக்கும் குட்டித் தேவதைக்கு விட்டுவைப்பது பழைய நம்பிக்கை.

நம் வீடுகளில் அந்தக் கடைசி வெந்நீர் யாருக்கு? மூன்று மணிக்கே எழுந்து, புகையில் கண் எரிய அடுப்பு மூட்டி, வரிசையாக எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்தவளுக்கு. பெரும்பாலும் அது ஆறிப்போயிருக்கும். ஹண்டே போனதற்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் அடுப்பு ஊதியவர்களாக இருப்பதில்லை. இப்போது ஹண்டே பல வீடுகளில் வரவேற்பறைப் பூந்தொட்டியாகிவிட்டது. மொட்டைமாடி சோலார் ஹீட்டரில் நேற்றைய வெயில் வெந்நீராகக் காத்திருக்கும். ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டால் கீஸர். பெண்களுக்கு அரை மணித் தூக்கம் கூடுதலாகக் கிடைத்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நெருப்பு சுலபமாயிற்று, தண்ணீர்தான் கடினமாகிவிட்டது. ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியிருந்த ஊர் பெங்களூர். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமாயிற்று. அர்க்காவதி ஆற்றிலிருந்து ஹெசரகட்டா தண்ணீர் 1890களில் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி. அதுவும் போதாமல் 1974இல் காவிரி வந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம், மூன்று இடங்களில் பம்பு செய்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரும் தண்ணீர் அது. கிணற்று ராட்டினம் போட்ட சத்தமாவது வீட்டுக்குக் கேட்டது. இந்த பம்பின் சத்தம் பெங்களூரில் யாருக்கும் கேட்பதில்லை.

ஆக, கங்கா ஸ்நானத்துக்கு வருவது காவிரி. இதில் சாஸ்திர விரோதம் ஏதுமில்லை. ஐப்பசியில் கங்கையே மாயவரத்துக்கு வந்து காவிரியில் முழுக்குப் போட்டுத் தன் பாவத்தைக் கழுவிக்கொள்கிறாள் என்று துலா ஸ்நானம் செய்கிறவர்கள் நம்புகிறார்கள். சிக்கல் சாஸ்திரத்தில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன. “காவிரி எங்களுடையது” என்று கத்தியவர்கள் வீட்டிலும், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டிலும் குழாயில் வந்தது ஒரே தண்ணீர்.

2007இல் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னபோது, பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று கணக்கிட்டு அதற்கு மட்டும் குடிநீர் ஒதுக்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி நகரத்துக்குக் கூடுதலாக 4.75 டி.எம்.சி. கொடுத்தது. தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது. கும்பகோணம் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து குடியேறிய தமிழர் தீபாவளியன்று தலையில் ஊற்றிக்கொள்ளும் சொம்புத் தண்ணீர், ஊரில் அண்ணன் வயலுக்குப் பாயும் தண்ணீர் இரண்டும் ஒரே பேரேட்டில்தான் எழுதப்படுகின்றன. தொலைபேசியில் “கங்கா ஸ்நானம் ஆயிற்றா?” என்று கேட்கும் அண்ணன் இதைச் சொல்லிக் காட்டமாட்டார். தம்பிக்கும் தெரியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பெங்களூர் கடைசியாக யோசித்தது 2024 மார்ச்சில். துணை முதல்வர் டி.கே. சிவகுமார் தன் வீட்டு ஆழ்துளைக் கிணறே வறண்டுவிட்டது என்றார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம். ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லாரித் தண்ணீருக்கு 1,000 ரூபாய் என்று விலை கட்டினார்கள். அக்டோபர் 16 அன்று, ஐப்பசி பிறக்கும் தறுவாயில், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அது முடிந்து இரண்டு வாரத்தில் தீபாவளி.

ஹண்டே இல்லாத அடுக்குமாடி வீடுகளில் இப்போதும் அந்த மாலையில் தண்ணீர் நிரப்பத்தான் செய்கிறார்கள். எவர்சில்வர் குடமோ பிளாஸ்டிக் வாளியோ, எது இருக்கிறதோ அதற்குக் குங்குமம் இட்டு, ஒரு முழம் பூ சுற்றிக் குழாயடியில் வைக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருக்களில் பண்டிகை முறையில்லாத நாளில் வந்தால், முந்தைய நாளே பிடித்து மூடி வைத்துவிடுகிறார்கள்.