அழுத்தாமல் எழுதப் பழகுதல்

மைப்பேனாவுக்காகப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் பலவீனமான வாதங்களைத்தான் கையில் எடுக்கிறார்கள். இங்க் பேனாவில் எழுதினால் கையெழுத்து முத்து முத்தாக வரும் என்பார்கள். அது பாதி உண்மை. பழைய பத்திரங்களைப் புரட்டினால் இங்க் பேனாவால் கிறுக்கப்பட்ட பக்கங்களுக்குப் பஞ்சமில்லை. டாக்டர்களின் கையெழுத்து அப்போதும் மருந்துக்கடைக்காரருக்கு மட்டுமே புரிந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் அதில்தானே எழுதினார்கள் என்பது இன்னொன்று. அதை வாதம் என்று சொல்ல முடியாது, ஏக்கம். அண்மைக் காலத்தில் ஆய்வுகளைத் துணைக்கு அழைப்பவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் வெளியிட்ட ஒரு கட்டுரை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. வகுப்பில் மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்களையும் கையால் குறிப்பெடுப்பவர்களையும் அது ஒப்பிட்டது. கையால் எழுதுவதற்கு ஆதரவாகவும் முடிவு சொன்னது. ஆனால் எந்தப் பேனா நல்லது என்பது அதன் கேள்வியே அல்ல. அதில் சொல்லும் பயன் எதுவானாலும் பத்து ரூபாய் ரீஃபில் பேனாக்காரருக்கும் கிடைத்துவிடும். ஆகவே மாணவர் கையில் மைப்பேனா இருக்கட்டும் என்று சொல்ல வேறு காரணம் வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் பேனாக்களில், அழுத்தாமல் எழுதக் கற்றுக்கொடுப்பது அது ஒன்றுதான்.

எந்த உயர்நிலைப் பள்ளி மாணவரின் நோட்டையாவது எடுத்து, எழுதிய பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வரிகள் புடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த பக்கத்திலும் அதற்கடுத்த பக்கத்திலும் தடம் விழுந்திருக்கும். எழுத்துக்குத் தேவையே இல்லாத இந்த வேலையை விரல்களும் மணிக்கட்டும் தோளும் சேர்ந்து செய்திருக்கின்றன. காரணம் பேனாவின் அமைப்பிலேயே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவின் நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவோ அதற்கும் குறைவோ உள்ள சிறு குண்டு ஒன்று குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருப்பது எண்ணெய்ப் பசை போன்ற கெட்டி மை. குண்டு தாளில் உரசி உருண்டால்தான் அந்த மை வெளியே வரும். உருள வேண்டுமானால் தாளின் மேல் ஓரளவு பாரம் விழ வேண்டும், பேனாவையும் சற்று நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஹங்கேரியரான லாஸ்லோ பிரோ 1938இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு கெட்டி மையையே ஆதாரமாகக் கொண்டது. உடனே உலரும், ஒழுகாது என்ற அதன் பெருமைகளும் அதே கெட்டித்தன்மையிலிருந்து வந்தவைதான். மைப்பேனாவின் கதை நேர் எதிர். அதன் மை தண்ணீர் போன்றது. நிப்பின் நடுவே உள்ள மெல்லிய பிளவு வழியாக, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மை தானாகவே நுனிக்கு வந்து நிற்கிறது. நிப்புக்கு அடியில் இருக்கும் வரிவரியான கட்டை, மையை வெளியே விட்டுக் காற்றை உள்ளே வாங்கும் வேலையைச் செய்கிறது. 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் நியூயார்க்கில் காப்புரிமை பெற்றது இந்தப் பகுதிக்குத்தான். நுனி தாளைத் தொட்டால் போதும், மை இறங்கிவிடும். பேனாவின் சொந்த எடையே ஏறக்குறைய போதுமானது.

அழுத்தாமல் எழுத முடியும் என்பது இதில் ஒரு பாதிதான். அழுத்தினால் என்ன ஆகிறது என்பதுதான் மாணவருக்கு முக்கியம். பால்பாயிண்ட் பேனாவை எவ்வளவு அழுத்தினாலும் அது ஒன்றும் சொல்லாது. கோடு இன்னும் கொஞ்சம் கருப்பாக விழும், அவ்வளவுதான். கெட்ட பழக்கம் கேள்வியில்லாமல் ஊறிப்போகும். மைப்பேனா அப்படி விடாது. அழுத்தினால் நிப்பின் இரு பாதிகளும் விலகும், கோடு தடிக்கும், மை குளம் கட்டும், மட்டமான தாள் என்றால் கிழியவே கிழியும். பேனாவை விரலுக்குள் உருட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுதாமல் நின்றுவிடும். பிள்ளையின் பிடி தவறு என்பதை ஆசிரியர் பார்த்துச் சொல்வதற்குள் பேனாவே சொல்லிவிடுகிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் விரலையும் பார்த்துத் திருத்த எந்த ஆசிரியருக்கு நேரம் இருக்கிறது? தமிழ் எழுதுகிறவருக்கு இதில் தனி லாபமும் உண்டு. ஞ, ண, ழ, ளூ போன்ற எழுத்துகளில் பேனா முன்னே போய், வளைந்து, பின்னே வந்து, மறுபடியும் சுழிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் பாரம் இருந்தால் கை தடுமாறும். பால்பாயிண்ட் நுனியில் சேரும் பிசுக்கு மையும் இந்தச் சுழிகளில்தான் கட்டியாக விழும். இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம்: தமிழே எழுத்தாணியால் அழுத்திக் கீறி எழுதப்பட்ட மொழிதானே, ஓலையில் யார் அழுத்தாமல் எழுதினார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் ஓலைக்காரர் இடது கையில் ஓலையை ஏந்தி நகர்த்திக்கொண்டு, வலது கையில் எழுத்தாணியை முஷ்டியாகப் பிடித்துக் கீறினார். கீறிய பின் கரி பூசி எழுத்தைத் தெரியவைத்தார். அது ஓலைக்கு ஏற்ற முறை. மேசைமேல் கிடக்கும் தாளில் அதே பலத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. தவிர, எந்த ஓலைக்காரரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கூடுதல் தாள் கேட்டு எழுதியதில்லை.

நம் மாணவர்கள் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் பொதுத்தேர்வு மூன்று மணி நேரம். மொழிப்பாடம், வரலாறு, உயிரியல் என்றால் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். கடைசி அரை மணியில் எழுத்து சிதைவதற்கும் கையை உதறிக்கொண்டு எழுதுவதற்கும் படிக்காதது மட்டும் காரணமல்ல. படித்ததையும் எழுத முடியாமல் கை சோர்ந்துபோவது உண்டு. பல மாணவர்களின் நடுவிரல் நகக்கண் ஓரத்தில் காய்ப்பு காய்த்திருப்பதை வீட்டில் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது விடாமுயற்சியின் அடையாளம் என்று பெருமைப்படுகிற பெற்றோரும் உண்டு. தேர்வில் இங்க் பேனாவை விடமாட்டார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தமிழ்நாட்டு வினாத்தாளின் தலைப்பில் உள்ள அறிவுரை நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறது: எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மை, படம் வரையப் பென்சில். நீட் தேர்விலும் டி.என்.பி.எஸ்.சி. தேர்விலும் ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்ப பால்பாயிண்ட் பேனாதான் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அங்கே எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. வட்டத்தைக் கருப்பாக்கத்தான் பேனா.

மைப்பேனாவைப் பள்ளிக்குரிய கருவியாகவே இன்றும் நடத்தும் நாடு ஜெர்மனி. அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பென்சிலில் எழுதப் பழகியபின் மைப்பேனாவுக்கு மாறுவது நெடுநாள் வழக்கம். எல்லாப் பள்ளியிலும் கட்டாயம் என்றில்லை. 1960இல் பெலிகன் நிறுவனம் பெலிகானோ என்ற பேனாவைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே கொண்டுவந்தது. இப்படிப்பட்ட பேனாக்களில் விரல் வைக்கும் இடம் முக்கோணமாகச் செதுக்கப்பட்டிருக்கும். இடக்கைக்காரருக்குத் தனி நிப்பும் விற்கிறார்கள். பிரான்சில் 1965 வரை வகுப்பறையில் பால்பாயிண்ட் பேனாவுக்கு அதிகாரபூர்வ அனுமதி கிடையாது. அதைத் தடுத்தவர்கள் சொன்ன காரணங்களில் பழமைப்பற்று நிறையவே இருந்தது. அனுமதி கிடைத்தபின் பிரெஞ்சு மொழி அழிந்துவிடவும் இல்லை. ஆகவே தடை போட்டு மைப்பேனாவைக் காப்பாற்றலாம் என்று எவரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலும் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் ரீஃபில் பேனாவைக் கண்டால் பிடுங்கி வைத்தார்கள். 1980களில் சென்னையிலேயே ரெனால்ட்ஸ் பேனா தயாராகி மூலைக்கடை வரை வந்து சேர்ந்ததும் அந்தப் பிடிவாதம் கரைந்துபோனது. ஏன் மைப்பேனா என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். காரணம் தெரியாத விதி விலை மலிந்த பொருளின் முன் எத்தனை நாள் நிற்கும்?

இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வி ஜெல் பேனாவிடமிருந்து வருகிறது. ஜெல் பேனாவின் மை தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, குண்டு உருளும்போது இளகி வழுக்கிக்கொண்டு வரும்; பால்பாயிண்ட் அளவுக்கு அழுத்தம் தேவையில்லை. ஒழுகாது, கழுவ வேண்டாம். பிறகு எதற்கு இந்தத் தொல்லை? ஒப்புக்கொள்ள வேண்டிய கேள்விதான். கை வலிக்கிறது என்று தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு வருகிற மாணவருக்கு ஜெல் பேனாதான் சரியான பதில். ஆனால் அது லேசான கையை அனுமதிக்கிறதே தவிர, வற்புறுத்துவதில்லை. இறுக்கிப் பிடித்து அழுத்துகிற பிள்ளை ஜெல் பேனாவிலும் அப்படியே எழுதும், பேனாவும் எழுதிக்கொண்டே இருக்கும். கீழே ஒருமுறை விழுந்து குண்டு நசுங்கினால் ரீஃபிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மைப்பேனாவில் ஓரிரு ஆண்டுகள் எழுதிப் பழகிய கை பிறகு எந்தப் பேனாவை எடுத்தாலும் அளவாகவே அழுத்தும். அப்படிப் பழகியபின் ஜெல் பேனாவுக்கு மாறினாலும் நஷ்டமில்லை என்பதுதான் என் கட்சி.

சட்டைப்பையில் நீலக்கறை என்ற புகார் பொய்யல்ல, ஆனால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. கழுத்தைத் திருகி நேரடியாக உடலுக்குள் மை ஊற்றும் பேனாவில், மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கைச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். அதனால்தான் நிறைய மை இருக்கும்போது ஒழுகாத பேனா, தீரப்போகும் நேரத்தில் சொட்டுகிறது. கால்வாசிக்குக் கீழே இறங்க விடாமல் நிரப்பிக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. கன்வெர்ட்டரோ கார்ட்ரிட்ஜோ போட்ட பேனாவில் இது மிகவும் குறைவு. வெள்ளைச் சட்டைக்கு ராயல் ப்ளூ மை உகந்தது, பெரும்பாலும் துவைத்தால் போய்விடும். அதே குணம் தேர்வில் ஆபத்து, விடைத்தாளில் தண்ணீர் பட்டால் எழுத்தும் போய்விடும்; அங்கே பெர்மனென்ட் என்று குறித்த மைதான் வேண்டும். படம் வரைகிற இந்தியன் இங்கை மட்டும் எந்தப் பேனாவுக்குள்ளும் ஊற்றக் கூடாது, உள்ளேயே உறைந்து பேனாவைக் கொன்றுவிடும். தாள் பற்றிய புகார் இதைவிடக் கடுமையானது. தாள் மையை உறிஞ்சாமல் இருக்க ஆலையில் பசை ஏற்றுவார்கள். அது குறைந்த மலிவு நோட்டில் மை நூல் நூலாகப் பரவி மறுபக்கமும் தெரியும். அங்கே மெல்லிய நிப்பு ஓரளவு உதவும், முழுக்க உதவாது. இடக்கைக்காரர்களுக்கு ஈர மைமேல் கை உரசும் சங்கடம் உண்டு. தாளைச் சாய்த்து, வரிக்குக் கீழே கையை வைத்து எழுதப் பழகலாம். முடியாதவர்களை விட்டுவிட வேண்டும்.

சுற்றுச்சூழல் வாதத்தை நான் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் பசுமை முயற்சிகளின் பகுதியாகப் பள்ளிகளில் இங்க் பேனாவுக்குத் திரும்பச் சொன்னார்கள், நோக்கம் நல்லது. ஆனால் மூன்று மாதத்தில் உடைகிற மட்டமான பிளாஸ்டிக் மைப்பேனா, அதே மூன்று மாதத்தில் தீரும் சில ரீஃபில்களைவிடக் குறைந்த குப்பை என்று சொல்ல முடியாது. பேனா பல ஆண்டுகள் உழைத்தால்தான் கணக்கு மாறும். அப்படி உழைத்தால் செலவும் மாறும்: ஒரு தடவைக்கு ஒரு மில்லி என்று வைத்தாலும், 60 மில்லி மைப்புட்டி அறுபது தடவை நிரப்பத் தரும். நிப்பு தேய்ந்தால் நிப்பை மட்டும் மாற்றலாம். அந்த நிப்புக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. வெள்ளரிக்கும் காராச்சேவுக்கும் பேர்போன சாத்தூருக்குப் பேனா நிப்பும் ஒரு அடையாளம். எஃகுத் தகட்டை வெட்டி, துளையிட்டு, வளைத்து, பிளந்து, தேய்த்து மெருகேற்றும் குடிசைத் தொழிலாக அது அங்கே தழைத்தது. ரீஃபில் பேனா வந்ததும் சுருங்கியது. திருவள்ளூரில் எபோனைட் பேனாக்களைக் கடைந்து வெளிநாடுகளுக்கு விற்கிற ரங்கா பேனாக்காரர்களும் நம்மவர்கள்தான். அவர்களுடைய பேனா பள்ளிப் பிள்ளைக்கு விலை கட்டாது. ஆனால் பேனாத் தொழிலைத் தெரிந்த கைகள் இங்கே மிச்சம் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி.

கட்டாயப்படுத்துவதால் ஒன்றும் நடக்காது. ஒரே நிறுவனத்தின் பேனாவைப் பள்ளியே மொத்தமாக வாங்கி விற்பது இன்னும் மோசம். ஆறாம் வகுப்பு இதற்கு ஏற்ற வயது. அப்போது எழுத்து ஓரளவு நின்றிருக்கும், தேர்வு நெருக்கடி வந்திருக்காது. வகுப்பில் ஆசிரியர் மேசையில் ஒரு மைப்புட்டியும் ஒரு பழைய துணியும் இருக்கட்டும். மை நிரப்பவும் மாதம் ஒருமுறை பச்சைத் தண்ணீரில் நிப்பைக் கழுவவும் ஒரு வகுப்பு நேரம் செலவழித்துச் சொல்லிக்கொடுத்தால் போதும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால், பொதுத்தேர்வுக்கு முந்தின மாதம் ஆசையாகப் புதுப் பேனா வாங்கிக் கொடுக்காதீர்கள். எந்தப் பேனாவானாலும் சரி, ஜூன் மாதமே வாங்கிக் கொடுங்கள்.